ஸ்டாக்ஹோமில் இரண்டாம் சுற்று

குதிரையேற்றத்தின் கதை – 11

சென்ற இதழை 1936 பெர்லின் ஒலிம்பிக்கோடு நிறுத்தியிருந்தோம். குதிரையேற்றத்துக்கென்று இருந்த ஆறு தங்கப் பதக்கங்களையும் அந்த ஆண்டு ஜெர்மனியே அள்ளிக்கொண்டது. சேணத்தில் இருந்தவர்கள் ராணுவ அதிகாரிகள். ஏறிய குதிரை அரசாங்கத்துடையது, பயிற்சி ஹனோவர் குதிரைப்படைப் பள்ளியில், சம்பளம் படையிலிருந்து. தடைதாண்டும் போட்டி அன்றைக்குக் குதிரைப்படைகள் தங்கள் திறமையை உலகுக்குக் காட்டும் மேடையாக இருந்தது.

இருபது ஆண்டு கழித்து, 1956 ஜூன் 17 அன்று, அதே போட்டியில் மீண்டும் ஒரு ஜெர்மானியர் தங்கம் வென்றார். அவர் எந்தப் படையிலும் அதிகாரி இல்லை. போர் முடிந்ததும் ஒரு லாயத்தில் வேலையாளாகச் சேர்ந்து பிழைப்பைத் தொடங்கியவர். அவர் ஏறியிருந்த பெண் குதிரைக்கு வம்சப் பெருமை என்று எதுவுமில்லை. தாய்க் குதிரை எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்பதுகூட யாருக்கும் தெரியாது. அதிகாரிகளின் கையிலிருந்த இந்த விளையாட்டு சாதாரண மனிதர்களின் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால், நான் இந்த இருவரின் கதையைத்தான் சொல்வேன்.

இரண்டாம் உலகப் போர் என்றதும் நமக்கு டாங்கிகளும் விமானங்களுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஜெர்மன் ராணுவம் அந்தப் போரில் 27 லட்சத்துக்கும் அதிகமான குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பயன்படுத்தியது. பீரங்கி இழுத்ததும் உணவு சுமந்ததும் அவைதாம். அவற்றில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. போர் முடிந்தபோது குதிரைப்படை இல்லை, பள்ளி இல்லை, வீரர்களில் பலர் உயிரோடு இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு ஜெர்மனி அழைக்கப்படவும் இல்லை.

ஹான்ஸ் குன்டர் விங்க்ளர் 1926 ஜூலை 24 அன்று, இன்றைய வுப்பர்டால் நகரின் பகுதியான பார்மெனில் பிறந்தார். தந்தை குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். அதனால் பையனுக்கு நடை பழகிய நாளிலிருந்தே லாயம் பழக்கம். பதின்ம வயதிலேயே போர் அவரை இழுத்துக்கொண்டது. விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு உதவியாளாக அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளில் அவரும் ஒருவர். போரின் கடைசிக் கட்டத்தில் தந்தை இறந்தார். மகன் அமெரிக்கர்களிடம் போர்க்கைதியானார். வெளியே வந்தபோது வயது இருபதுகூட ஆகவில்லை. கையில் இருந்த ஒரே தொழில், அப்பாவிடம் கற்ற குதிரைத் தொழில்.

ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அருகே கிரோன்பெர்க்கில் ஹெஸ்ஸே அரச குடும்பத்தின் மாளிகை ஒன்று உண்டு. போருக்குப் பிறகு அமெரிக்கப் படையினர் அதைத் தங்கள் அதிகாரிகளுக்கான விடுதியாக்கிக்கொண்டார்கள். அங்கே லாய வேலைக்குச் சேர்ந்தார் விங்க்ளர். குதிரைகளைப் பார்த்துக்கொள்வதோடு அமெரிக்க அதிகாரிகளுக்குச் சவாரியும் கற்றுக்கொடுத்தார். அதற்குக் கூலி கிடைத்தது. அந்தக் கூலி பின்னால் அவருக்கு என்ன விலை வைத்தது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

1950-இல் அவரை வாரென்டார்ஃப் என்ற சிற்றூருக்கு அழைத்தவர் குஸ்டாஃப் ராவ். ஜெர்மன் குதிரையேற்றத்தை அமைப்பாக்கியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. இவரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நாஜி ஆக்கிரமிப்பின்போது போலந்தின் குதிரைப் பண்ணைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு நடத்தியவரும் இவரே. போர் முடிந்தபின் ஒலிம்பிக் குதிரையேற்றக் குழுவுக்கான பயிற்சி மையத்தை வாரென்டார்ஃபில் அமைத்தார். 1826 முதல் அரசு குதிரைப் பண்ணை இருந்த ஊர் அது. புதிதாக வந்த இளைஞர் அந்த ஊரை விட்டுப் பிறகு போகவே இல்லை. சாகும்வரை வாரென்டார்ஃப்வாசியாகவே இருந்தார்.

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்குக்கு ஜெர்மனி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. விங்க்ளரோ தொழில்முறை வீரர் என்று சொல்லி ஒதுக்கப்பட்டார். காரணம், சவாரி கற்றுக்கொடுத்து வாங்கிய கூலி. அன்றைய ஒலிம்பிக் விதிகள் காசு வாங்காத அமெச்சூர்களுக்கு மட்டுமே இடம் கொடுத்தன. படை அதிகாரி மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு காலை முதல் மாலைவரை குதிரையில் இருந்தால் அவர் அமெச்சூர். தந்தையை இழந்த பையன் சாப்பாட்டுக்காக நாலு பேருக்குச் சவாரி சொல்லிக்கொடுத்தால் அவர் தொழில்முறைக்காரர். அந்த விதி பணத்தைத் தடுத்ததைவிட ஏழைகளைத் தடுத்ததே அதிகம் என்பது என் எண்ணம். ஹெல்சின்கியில் ஃபிரிட்ஸ் தீடெமான் மெட்டேயோர் என்ற குதிரையில் ஏறித் தடைதாண்டுதலில் வெண்கலம் வாங்கினார். குழு நடைப்பயிற்சிப் போட்டியிலும் அவருக்கு ஒரு வெண்கலம் கிடைத்தது. ஒரே ஒலிம்பிக்கில் இந்த இரண்டிலும் பதக்கம் வாங்குவது அபூர்வம். தீடெமானை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் நான்கு ஆண்டில் விங்க்ளரின் பக்கத்தில் நிற்கப்போகிறவர் அவர்.

இனி ஹல்லா.

ஐரோப்பாவில் போர் ஓய்ந்தது 1945 மே 8. எட்டு நாள் கழித்து, மே 16 அன்று, டார்ம்ஸ்டாட் பக்கம் குஸ்டாஃப் வீர்லிங் என்பவரின் லாயத்தில் ஒரு பெண் குட்டி பிறந்தது. தந்தை ஓபர்ஸ்ட், வண்டி பூட்டி ஓட்டும் பந்தயத்துக்கான இனம். தாய் ஹெலேனெ, போர்க் காலத்தில் பிரான்சிலிருந்து ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த குதிரை. அதன் பூர்வீகம் பற்றி எந்தப் பதிவும் இல்லை. தடைதாண்டும் குதிரையை வளர்க்க நினைக்கும் எவரும் இப்படி ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுக்கமாட்டார்கள். ஹனோவர், ஹோல்ஸ்டைன் என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர் எழுதிவைத்து வளர்க்கும் நாட்டில் ஹல்லா ஒரு தற்செயல்.

முதலில் அதைத் தடையோட்டப் பந்தயத்தில் விட்டார்கள். வேகம் இருந்தது, தாண்டும் பலமும் இருந்தது. பிறகு 1952 ஒலிம்பிக்கின் மும்முனைப் போட்டிக்குத் தயார்செய்யலாம் என்று வாரென்டார்ஃபுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அது யாருக்கும் அடங்கவில்லை. பயப்படும், திமிறும், கடிவாளத்தோடு சண்டை போடும். சுற்றுக்கு நடுவே கவனம் சிதறித் தடையின் முன்னால் நின்றுவிடும். ஏறிய வீரர்கள் ஒவ்வொருவராகக் கைவிட்ட பிறகு, 1951-இல், அது விங்க்ளரிடம் வந்தது.

இந்தக் குதிரை பாதி மேதை, பாதி கிறுக்குப் பிடித்த ஆடு என்று அவர் பிற்காலத்தில் சொல்வதுண்டு. வேடிக்கையாகச் சொன்னாலும் அதற்குள் அவருடைய பயிற்சி முறையே அடங்கியிருக்கிறது. ஆட்டை அடித்துத் திருத்தப் போனால் மேதையும் சேர்ந்து ஓடிவிடும். பழைய குதிரைப்படைப் பள்ளிகளில் முரட்டுக் குதிரைக்கு மருந்து கண்டிப்பு. ஹல்லாவிடம் அது எடுபடாது என்பதை விங்க்ளர் சீக்கிரமே புரிந்துகொண்டார். அதன் பயத்துக்கு நேரம் கொடுத்தார். எது செய்தால் அது கலவரப்படுகிறது, எங்கே தொட்டால் அமைதியாகிறது, எத்தனை எட்டு முன்னால் அதை அதன் போக்கில் விடவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கற்றார். பலன் உடனே கிடைக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டு நம்பிக்கையும் ஏமாற்றமும் மாறி மாறி வந்தன.

தடைதாண்டுதலில் வீரரின் வேலை என்ன என்பதை இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இல்லையென்றால் ஸ்டாக்ஹோமில் நடந்ததன் கனம் தெரியாது. குதிரை காற்றில் இருக்கும் அரை நொடியைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். உண்மையான வேலை அதற்கு முன்னால் தரையில் நடக்கிறது. பாய்ச்சலில் குதிரையின் ஓர் எட்டு ஏறக்குறைய மூன்றரை மீட்டர் நீளும். தடைக்குச் சரியான தூரத்தில் அதன் பின்னங்கால்கள் ஊன்றவேண்டும். முன்னதாக எழும்பினால் இறங்கும்போது பின்கால் கட்டையில் உரசும். பிந்தி எழும்பினால் மார்பு இடிக்கும். எனவே ஏழெட்டு எட்டுக்கு முன்பே வீரர் கணக்குப் போட்டு, அடுத்து வரும் எட்டுகளை நீட்டவோ சுருக்கவோ வேண்டும். அதற்கு அவர் பயன்படுத்துவது கெண்டைக்காலின் அழுத்தம், இடுப்பின் எடை, கடிவாள வாரில் விரல்களின் இறுக்கம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நெற்றிக்கு நேர்முன்னே அதற்குத் தெரியாத ஓர் இடம் உண்டு. எழும்பும் கணத்தில் தான் தாண்டும் தடையையே அது பார்ப்பதில்லை. சில எட்டு முன்னால் கண்டதையும் முதுகில் இருப்பவர் சொன்னதையும் நம்பித்தான் எழும்புகிறது.

முதுகில் இருப்பவர் ஒன்றும் சொல்லாமல் போனால்?

அந்தக் கேள்விக்கு விடை தெரிய இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. அதற்குள் இருவரும் உலக மேடைக்கு வந்துவிட்டார்கள். தடைதாண்டுதலுக்கான முதல் உலகப் போட்டி 1953-இல் பாரிசில் நடந்தது. ஸ்பெயினின் ஃபிரான்சிஸ்கோ கோயோகா வென்றார். அடுத்த ஆண்டு மாட்ரிட்டில் ஹல்லாவோடு வந்த விங்க்ளர் பட்டத்தைப் பறித்தார். 1955-இல் ஆகென் நகரில் இத்தாலியின் ரைமொண்டோ டின்சேயோவோடு சமநிலையாகி, கூடுதல் சுற்றில் வென்று அதைத் தக்கவைத்தார். அந்த நாளைய உலகப் போட்டியில் கடுமையான ஒரு விதி இருந்தது. இறுதிக்கு வரும் வீரர்கள் தங்கள் குதிரையில் மட்டுமல்லாமல் எதிராளிகளின் குதிரைகளிலும் ஏறி ஓட்டவேண்டும். முன்பின் பழகாத குதிரையோடு சில நிமிடங்களில் உறவு பிடித்துக்கொள்ள வேண்டும். விங்க்ளர் வெறும் ஹல்லாவின் புண்ணியத்தில் வென்றவர் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். அந்த இரண்டு பட்டங்களும் அவர்களுக்குப் பதில். 1955, 1956 இரண்டு ஆண்டும் ஜெர்மனியின் சிறந்த விளையாட்டு வீரராக அவரே தேர்வானார்.

1956 ஒலிம்பிக் நடந்தது மெல்பர்னில். பிறகு ஏன் ஸ்டாக்ஹோம்? வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகளை ஆறு மாதம் தனிமையில் வைக்கவேண்டும் என்பது ஆஸ்திரேலியாவின் சட்டம். போட்டிக் குதிரையை ஆறு மாதம் கட்டிப்போட்டால் அது போட்டிக் குதிரையாக இராது. ஒலிம்பிக்குக்காகச் சட்டத்தைத் தளர்த்த ஆஸ்திரேலிய அரசு மறுத்துவிட்டது. ஆகவே குதிரையேற்றம் மட்டும் தனியே பிரிக்கப்பட்டு ஸ்வீடனுக்குப் போனது. ஜூன் 10 முதல் 17 வரை, 1912 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அதே செங்கல் அரங்கத்தில், மற்ற விளையாட்டுகளுக்கு ஐந்து மாதம் முன்பாகவே போட்டிகள் முடிந்தன. இதில் எதிர்பாராத ஒரு விளைவும் உண்டு. ஆண்டின் பிற்பகுதியில் சூயஸ், ஹங்கேரி நெருக்கடிகளால் மெல்பர்னைப் புறக்கணித்த எகிப்து, ஸ்பெயின், ஸ்விட்சர்லாந்து, நெதர்லாந்து போன்ற நாடுகளின் குதிரை வீரர்கள் ஜூன் மாதமே ஸ்டாக்ஹோமில் ஆடி முடித்திருந்தார்கள். ஒலிம்பிக் தடைதாண்டுதலில் பெண்கள் அனுமதிக்கப்பட்டதும் அங்கேதான் முதன்முறை. பிரிட்டனின் பேட் ஸ்மைத் தன் குழுவோடு வெண்கலம் வாங்கினார். அவரைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் எழுதவேண்டியிருக்கிறது.

ஜூன் 17, கடைசி நாள். ஒரே பாதையில் இரண்டு சுற்று. தனிநபர் பதக்கத்தையும் குழுப் பதக்கத்தையும் அதே இரண்டு சுற்றுகள் தீர்மானிக்கும். கட்டை விழுந்தால் 4 தவறுப் புள்ளி, குதிரை முதல்முறை மறுத்து நின்றால் 3, விழுந்தால் 8. குறைந்த புள்ளி உள்ளவருக்குத் தங்கம். குழுவுக்கு மூன்று பேர், மூவரின் புள்ளியும் கூட்டப்படும். ஒருவர் முடிக்கவில்லை என்றால் குழுவே இல்லை. ஜெர்மன் குழுவில் விங்க்ளரும் ஹல்லாவும், தீடெமானும் மெட்டேயோரும், ஆலா என்ற குதிரையில் அல்ஃபோன்ஸ் லூட்கே-வெஸ்ட்ஹூஸும்.

முதல் சுற்றில் ஹல்லா அருமையாக ஓடிவந்தது. கடைசிக்கு முந்தைய தடையில் அது தேவைக்கு முன்னதாகவே எழும்பிவிட்டது. எட்டாத தூரத்தை எட்ட உடம்பை வலிந்து வீசித் தாண்டியது. அந்த வீச்சில் விங்க்ளர் சேணத்திலிருந்து தூக்கியெறியப்பட்டு, மீண்டும் அதே சேணத்தில் முழு எடையோடு விழுந்தார். தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில் தசை கிழிந்தது. வலியில் துடித்தபடியே மிச்சமிருந்த ஒரு தடையையும் கடந்து, 4 புள்ளியோடு சுற்றை முடித்தார். குதிரையிலிருந்து இறங்கியவரால் நடக்க முடியவில்லை.

அடுத்த சுற்றுக்கு இடையே சில மணி நேரம் இருந்தது. விலகிவிட்டால் தன் தங்கம் போவது மட்டுமில்லை, தீடெமானும் லூட்கே-வெஸ்ட்ஹூஸும் ஓட்டியது எல்லாம் வீண். ஓட்டுவது என்று முடிவெடுத்தார். மருத்துவர்களுக்கு அடுத்த சிக்கல். வலி தெரியாதபடி கடுமையான மருந்து கொடுத்தால் புத்தி மந்தமாகும், தடைகளின் வரிசையே மறந்துபோகும். கொடுக்காவிட்டால் சேணத்தில் உட்காரவே முடியாது. கொடுத்த மருந்து வலியை முழுக்கக் கொல்லவில்லை, தலையை மட்டும் கிறங்கச் செய்தது. அதைத் தெளியவைக்கக் கடுங்காப்பி கொடுத்தார்கள். பிறகு அவரைத் தூக்கிக் குதிரைமேல் உட்காரவைத்தார்கள்.

அந்தச் சுற்றின் படச்சுருள் இன்றும் இருக்கிறது. விங்க்ளருடைய வழக்கமான நிமிர்ந்த இருப்பு அதில் இல்லை. குதிரையின் முதுகுக்கு மேல் ஒரு பாரம்போலக் குனிந்திருக்கிறார். கெண்டைக்காலால் அழுத்தம் கொடுக்க முடியாது, ஏனென்றால் அழுத்தத்துக்கு வேண்டிய தசையே கிழிந்திருக்கிறது. இடுப்பால் எடை மாற்ற முடியாது. அவரால் முடிந்தது ஒன்றுதான்: கடிவாளத்தைத் திருப்பி அடுத்த தடை எந்தப் பக்கம் என்று காட்டுவது. எழும்பும்போதும் இறங்கும்போதும் அவர் வாய்விட்டு அலறினார். பயந்த சுபாவமுள்ள குதிரை அது. முதுகிலிருந்து வரும் அலறலுக்கு மிரண்டு ஓடியிருக்கலாம், நின்றிருக்கலாம். ஹல்லா மிரளவில்லை. தூரத்தைத் தானே பார்த்தது, எட்டுகளைத் தானே எண்ணியது, ஒவ்வொரு தடைக்கும் சரியான இடத்தில் கால் ஊன்றி எழும்பியது. ஒரு கட்டைகூட விழவில்லை. இரண்டாம் சுற்று: சுழியம்.

மொத்தம் 4 புள்ளி. மெரானோ என்ற குதிரையில் வந்த ரைமொண்டோ டின்சேயோவுக்கு 8, வெள்ளி. அவருடைய அண்ணன் பியேரோவுக்கு உருகுவே என்ற குதிரையில் 11, வெண்கலம். குழுவில் ஜெர்மனிக்கு 40, இத்தாலிக்கு 66, பிரிட்டனுக்கு 69.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். குழுத் தங்கத்தைப் பொறுத்தவரை ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் இடையே 26 புள்ளி வித்தியாசம். அந்தப் பிற்பகல் ஹல்லா நாலைந்து கட்டைகளைத் தட்டியிருந்தாலும் குழு வென்றிருக்கும். முடித்தாலே போதும். ஆனால் தனிநபர் தங்கத்துக்கு ஒரு கட்டைகூட விழக்கூடாது. விழுந்திருந்தால் விங்க்ளருக்கும் 8, ரைமொண்டோவுக்கும் 8. சமநிலைக்குக் கூடுதல் சுற்று உண்டு. சேணத்திலிருந்து தூக்கி இறக்கப்பட வேண்டியவரால் மூன்றாம் முறை ஓட்டியிருக்க முடியுமா என்று யோசித்தால், ஹல்லாவின் சுத்தமான சுற்று எவ்வளவு நுணுக்கமான இடத்தில் வந்து விழுந்தது என்பது புரியும்.

வீரனைச் சுமந்துபோய்த் தங்கம் வென்ற குதிரை என்று ஐரோப்பா முழுக்க ஹல்லாவைக் கொண்டாடியது. ‘அதிசயக் குதிரை’ என்ற பட்டம் நிலைத்துவிட்டது. அந்தக் கொண்டாட்டத்தில் எனக்குக் குறை இல்லை, ஆனால் அதிசயம் என்ற சொல் அந்த ஐந்து ஆண்டுகளை மறைத்துவிடுகிறது. 1951-இல் அதே குதிரையை யாராவது இந்த நிலையில் ஓட்டியிருந்தால் முதல் தடையிலேயே நின்றிருக்கும். பல நூறு சுற்றுகளில், தடையைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும்படி அதை விட்டு வளர்த்தவர் விங்க்ளர். ஒவ்வோர் எட்டையும் தன் கைக்குள் வைத்திருக்கும் வீரராக அவர் இருந்திருந்தால், கை தளர்ந்த நாளில் குதிரைக்கு வழி தெரிந்திருக்காது. மனிதர் விட்டுக்கொடுத்து வளர்த்த சுதந்திரம், மனிதர் செயலற்றுப்போன நாளில் திரும்பி வந்து உதவியது. அன்று பிற்பகல் அவர் ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மை. செய்யவேண்டியதை எல்லாம் முன்பே செய்து முடித்திருந்தார் என்பதும் உண்மை.

கூடவே ஒரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். அவரைச் சேணத்தில் ஏற்றியது வீரம் மட்டுமில்லை, மூன்று பேரும் முடித்தாக வேண்டும் என்ற விதியும்தான். தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத ஒருவர் முதுகில் இருப்பது குதிரைக்கும் ஆபத்து. சமநிலை தவறி ஓர் எட்டு பிசகியிருந்தால் இருவரில் ஒருவருடைய கழுத்தோ காலோ முறிந்திருக்கும். நல்லபடியாக முடிந்ததால் காவியமாகிவிட்ட கதை இது. 1972-இலிருந்து குழுவில் நான்கு பேரை அனுமதித்து, மோசமான ஒருவரின் புள்ளியைக் கழித்துவிடும் முறை வந்தது. அது நியாயமான திருத்தம் என்றே நினைக்கிறேன். டோக்கியோவில் 2021-இல் நடந்த ஒலிம்பிக்கில் மறுபடியும் மூன்று பேர், மூவரின் புள்ளியும் சேரும் என்று பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். காயம்பட்ட வீரரையோ சோர்ந்த குதிரையையோ களத்துக்குத் தள்ளும் நெருக்கடி திரும்ப வரும் என்று அப்போது பல வீரர்கள் எதிர்த்தார்கள். அந்த வாதத்துக்கு ஸ்டாக்ஹோமைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை.

பிறகு விங்க்ளர் இன்னும் முப்பது ஆண்டு போட்டிகளில் இருந்தார். 1957-இல் ரோட்டர்டாமில் ஐரோப்பியப் பட்டம், இந்த முறை ஸோனென்கிளான்ஸ் என்ற குதிரையில். 1960 ரோமில் ஹல்லாவோடு குழுத் தங்கம், தனிநபரில் ஐந்தாம் இடம். 1964 டோக்கியோவில் ஃபிடெலிதாஸ் என்ற குதிரையோடு இன்னொரு குழுத் தங்கம். 1968 மெக்சிகோவில் எனிக்கோடு குழு வெண்கலம். அங்கே தனிநபர் வெண்கலத்துக்கான கூடுதல் சுற்றுவரை வந்து ஐந்தாம் இடத்தில் நின்றார். 1972 மியூனிக்கில் டோர்ஃபி என்ற குதிரை. அமெரிக்காவின் 32.25 புள்ளிக்கு எதிராக ஜெர்மனிக்கு 32. கால் புள்ளியில் வந்த குழுத் தங்கம் அது. 1976-இல் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் மாண்ட்ரியல் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்த வாரங்களில் வந்தது. அங்கேயும் டோர்ஃபியோடு குழு வெள்ளி. ஆறு ஒலிம்பிக், ஐந்து தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். தடைதாண்டுதலில் ஐந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் வேறு எவரும் இல்லை.

இந்தப் பட்டியலில் என் கண்ணில் படுவது வேறொன்று. தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் என்று அவருக்குக் கிடைத்தது ஸ்டாக்ஹோமில் மட்டுமே. மற்ற ஐந்து ஒலிம்பிக்கிலும் குழுவுக்காக ஓட்டி வாங்கியவை. ஹல்லாவுக்கு இணையான ஒரு குதிரை பிறகு அவருக்கு அமையவில்லை, ஆனால் நம்பி அனுப்பக்கூடிய வீரராக, எந்தக் குதிரையையும் இரண்டு சுற்று ஓட்டி முடித்துக் கொண்டுவருபவராக, இருபது ஆண்டு குழுவில் அவர் இடம் அசையவில்லை. புகழ் ஒரு பிற்பகலில் வந்தது. வாழ்க்கையோ இந்தப் பொறுமையான உழைப்பில் கழிந்தது.

ஹல்லா 1960-இல் ஓய்வுபெற்றது. மொத்தம் 125 போட்டிகளில் வென்றிருந்தது, மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் அதில் அடக்கம். வளர்த்தவரிடமே திரும்பிப்போய் எட்டுக் குட்டிகள் ஈன்றது. பெயர் சொல்லும்படி அவற்றில் ஒன்றும் வரவில்லை. தற்செயலாகப் பிறந்த மேதையை மறுபடி உண்டாக்க எந்தப் பண்ணைக்கும் வழி தெரியவில்லை. 1979 மே மாதம், 34 வயதில் இறந்தது. குதிரைக்கு அது மிக நீண்ட ஆயுள். ஜெர்மன் குதிரையேற்றச் சங்கம் இனி எந்தப் போட்டிக் குதிரைக்கும் ஹல்லா என்ற பெயரைக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தது. வாரென்டார்ஃபில் அதற்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது.

விங்க்ளர் 1986 ஜூலையில், அறுபது வயதை எட்ட சில நாட்களே இருந்தபோது, ஆகென் மைதானத்தில் போட்டிகளிலிருந்து விடைபெற்றார். பிறகு பயிற்சியாளராகவும் போட்டி அமைப்பாளராகவும் இருந்து, 2018 ஜூலை 9 அன்று, 91 வயதில், வாரென்டார்ஃபில் காலமானார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவர் திறந்த வாசல் வழியாகவே வந்தார்கள். மூன்று முறை அவரோடு ஒலிம்பிக் குழுவில் இருந்த அல்வின் ஷோக்கெமோலேயும், அவர் தம்பி பவுலும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். 1976-இல் அல்வின் ஒரு தவறுப் புள்ளிகூட இல்லாமல் தனிநபர் தங்கம் வென்றபோது, ஜெர்மன் குதிரையேற்றம் அதிகாரிகளின் சொத்தாக இருந்த காலம் முழுக்கப் பழங்கதையாகிவிட்டது.

ஆனால் இத்தாலியில் அந்தக் காலம் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. ஸ்டாக்ஹோமில் வெள்ளியும் வெண்கலமும் வாங்கிய டின்சேயோ சகோதரர்கள் இருவரும் பணியில் இருந்த அதிகாரிகள்: தம்பி கராபினியேரி படையில், அண்ணன் ராணுவத்தில். நான்கு ஆண்டு கழித்து ஒலிம்பிக் அவர்களுடைய சொந்த ஊருக்கே வந்தது. ரோமின் போர்கேசே தோட்டத்தில், பியாட்சா டி சியேனா மைதானத்தில், ஒரே தங்கத்துக்காக அண்ணனும் தம்பியும் மோதிக்கொண்ட கதையை அடுத்த இதழில் சொல்கிறேன்.

(தொடரும்)